புதுப்பிப்பு: செமி ஆட்டோ ஷாட்கன்னில் எஃகு அடித் தோட்டா சிக்குவது சரியாகிவிட்டது

கோலாலம்பூரில், பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுட நான் வைத்திருக்கும் 12 போர் (குழல் அளவு) செமி ஆட்டோ ஷாட்கன்னில் (சுட்டதும் காலித் தோட்டாவைத் தானே வெளியேற்றி அடுத்ததை ஏற்றும் துப்பாக்கி), அடிப்பகுதி உலோகம் பித்தளையாக உள்ள தோட்டா ஒழுங்காக வெளியேறுகிறது, எஃகாக உள்ளது மட்டும் சுட்டபின் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) சிக்குகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

எக்ஸ்ட்ராக்டர் (காலித் தோட்டாவைப் பிடித்து இழுக்கும் கொக்கி) ஸ்பிரிங்கை மாற்றியும் பலனில்லை. சேம்பரைத் தேய்க்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான் வேலை செய்தது. சுடும்போது விரியும் பித்தளை உடனே சற்றுச் சுருங்கிவிடும். எஃகு அந்த அளவுக்குச் சுருங்காது. கரியும் பிளாஸ்டிக் படிவும் சேர்ந்தால் அப்படியே பிடித்துக்கொள்ளும்.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, குழலைக் கழற்றி, கரைப்பானில் படிவை ஊறவிட்டு, சேம்பர் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பிறகு எண்ணெய் தொட்ட 0000 ஸ்டீல் வுல்லால் (மிக நுண்ணிய எஃகு இழைப் பஞ்சு) லேசாகத் தேய்க்க வேண்டும். குரோம் பூச்சுள்ள சேம்பர் என்றால் பிரஷ்ஷோடு நிறுத்திவிடுங்கள்.

எதிர்பாராதது: படிவுக்கு அடியில் மெல்லிய துரு. நம் ஊர் ஈரப்பதத்துக்குச் சேம்பரிலும் எண்ணெய் பூசி வையுங்கள்; சுடுமுன் துடைத்துவிடுங்கள்.