டீச்சபிள் மெஷின் எதைக் காட்டினாலும் "குதிரை 99%" என்கிறது, உதவுங்கள்

கேள்வி (காட்பாடி, எட்டாம் வகுப்பு ஆசிரியர்):
வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களை வைத்து ஒலிச் சுவர் ஒன்று செய்கிறோம். படங்களைக் காட்டிப் பிரித்தறியக் கற்றுக்கொடுக்கும் கூகுளின் இணையக் கருவியான டீச்சபிள் மெஷினைப் பயன்படுத்துகிறோம். பிள்ளைகள் அச்சிட்ட படத்தை வெப்கேம் முன் காட்டினால் யாளிக்கு உறுமலும் குதிரைக்குக் குளம்பொலியும் கேட்க வேண்டும். கருவியில் யாளி, குதிரை என இரண்டு பிரிவு; பிரிவுக்கு 60 படம், எல்லாம் மொபைலில் எடுத்தவை. யாளிக்கும் குதிரை என்கிறது, வெறும் சுவருக்கும் குதிரை என்கிறது. ஈபாக்கை (எல்லாப் படங்களையும் எத்தனை சுற்று பார்த்துக் கற்க வேண்டும் என்ற எண்ணிக்கை) 50இலிருந்து 200 ஆக்கியும் மாற்றமில்லை.

பதில் 1:
டீச்சர், ஈபாக்கை 50க்கே கொண்டு வந்துடுங்க. கோளாறு படங்களில் இருக்கு.

இரண்டே பிரிவு என்றால் அது 100ஐ அந்த இரண்டுக்குள்தான் பங்கு போடும். "தெரியவில்லை" என்று சொல்ல வழியில்லை. மூன்றாவதாக "எதுவுமில்லை" என்று ஒரு பிரிவு சேருங்க: காலிச் சுவர், வெற்றுத் தாள் பிடித்த கை, பிள்ளைகள் முகம், வேறு படங்கள். எண்ணிக்கை மற்ற பிரிவுகளுக்குச் சமமா இருக்கட்டும். முகம் இருப்பதால் ப்ராஜெக்டை கூகுள் டிரைவில் சேமிக்காதீங்க, மாதிரிப் படங்களும் கூடவே போயிடும்.

அடுத்தது, பயிற்சி மொபைல் படத்தில், சோதனை வெப்கேம் முன் அச்சுத் தாளில். தாளின் பளபளப்பு, விரல், டியூப்லைட் எதையும் அது பார்த்ததில்லை. அதே வெப்கேம் முன் அட்டைகளைச் சாய்த்தும் தள்ளியும் நெருக்கியும், பல பிள்ளைகள் கையில் கொடுத்தும் எடுங்க. படம் பிடிக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தே இருந்தா ஒரே மாதிரிப் படம் குவியும். விட்டு விட்டு அழுத்துங்க.

பிரிவுக்கு 5 அட்டையைப் பயிற்சிக்கே காட்டாமல் சோதித்துப் பார்க்க ஒதுக்கி வைங்க. கருவி உள்ளே காட்டும் துல்லியக் கணக்கை நம்பிவிட வேண்டாம். ஒரே அட்டையின் படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் விழுவதால் 100% காட்டும்.

பதில் 2:
மேலே சொன்னதோடு படத்தை வெட்டுவதையும் கவனியுங்கள். இந்த மாடல் 224 × 224 புள்ளிச் சதுரம்தான் பார்க்கும். முழுத் தூணை நெட்டுக்குத்தலாக எடுத்திருந்தால் நடுப்பகுதி மட்டும் நிற்கும், தலை போய்விடும். யாளியும் குதிரையும் ஒரே போலப் பின்னங்காலில் எழும்பி நிற்கின்றன, முதுகில் ஆள் வேறு. இரண்டும் ஒரே சாம்பல் கல். வித்தியாசம் முகத்தில்தான்: யாளிக்குப் பிதுங்கிய கண்ணும் கோரைப்பல்லும், குதிரைக்கு நீண்ட மூஞ்சியும் கடிவாளமும். தலையைச் சதுரமாக வெட்டி, பளபளப்பில்லாத (மேட்) தாளில் அச்சிடுங்கள். எங்கே வெட்டுவது என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும். சிற்பத்தை அவர்கள் உண்மையாகப் பார்க்கும் இடம் அதுதான், அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இப்போது சரியாகப் பிரிக்கிறது. ஆனால் ஒலியை ஓட்ட எழுதிய பி5 ஸ்கெட்சில் (உலாவியில் ஓடும் சிறு ஜாவாஸ்கிரிப்ட் நிரல்) உறுமல் திக்கித் திக்கி வருகிறது. சில சமயம் ஒலியே இல்லை.

பதில் 1:
கருவியின் முடிவு நொடிக்குப் பல தடவை வருது, ஒவ்வொரு தடவையும் ஒலி முதலிலிருந்து தொடங்குது. போன முடிவை ஒரு மாறியில் வைத்து, பெயர் மாறினால் மட்டும் ஒலியை ஓட விடுங்க. அதுவும் மாடலின் உறுதி 0.85க்கு (85%) மேல், தொடர்ந்து 8 முடிவு ஒன்றாக இருந்தால் மட்டும். ஒலியே வராததற்குக் காரணம் உலாவி: பக்கம் திறந்ததும் ஒரு க்ளிக் விழாமல் ஒலியை அனுமதிக்காது. "தொடங்கு" பொத்தான் ஒன்று வையுங்க, கேமரா அனுமதியையும் அதிலேயே கேட்டுடலாம்.