பேய் ஒப்பனையில் ஆர்வமுள்ள மகளுக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் மட்டக்களப்பு, கல்லடிப் பக்கம். மகள் உயர்தரம் எழுதிவிட்டாள். சின்ன வயதில் சூரன் போர் பார்க்கப் போனால் முருகனை விட்டுவிட்டு சூரனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். இப்போது பசையும் ரிசுப் பேப்பரும் வைத்து, கிழிந்த கன்னம், வெந்த தோல் எல்லாம் செய்கிறாள். ஒருநாள் அப்பம்மா அலறியே விட்டார்!

சொந்தக்காரர் எல்லாரும் மணப்பெண் அலங்காரம் படிக்கச் சொல்கிறார்கள். நல்ல தொழில்தான், ஆனால் அவளுக்கு அதில் மனமில்லை. ஹொலிவூட் ஒப்பனைக் கலைஞர் ரிக் பேக்கரும் சிறுவயதில் வீட்டில் பூத முகங்கள் செய்து பழகியவர்தான், 1982இல் ஒப்பனைக்கு ஒஸ்கார் வாங்கினார் என்று எனக்கே பாடம் எடுக்கிறாள்.

என் கேள்விகள் இவை. இங்கே விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் படித்தால் இந்த வகை ஒப்பனைக்கும் இடம் உண்டா? அங்கு படித்தவர்கள் சொல்லுங்கள். முகத்தில் பூசக்கூடிய திரவ லேட்டெக்ஸ் (ரப்பர் பால்) கொழும்பில் எங்கே வாங்கலாம்? கைவினைக்கு விற்பதில் அமோனியா நெடி தூக்கலாக இருக்கிறது, கண் எரிகிறது. சிலருக்கு ரப்பர் பாலே ஒவ்வாதாம், அதனால் கண்டதையும் பூச விடப் பயம். அப்புறம், முதலுதவிப் பயிற்சிகளுக்குப் போலிக் காயம் போட ஆள் எடுப்பார்களாமே, கிழக்கில் யாராவது அப்படிச் செய்கிறீர்களா? கூத்துக்கு வேஷம் கட்டும் அண்ணாவிமார் யாரும் அவளை உதவிக்குச் சேர்த்துக்கொண்டாலும் சந்தோஷம். சம்பளம் வேண்டாம், போக்குவரத்தை நாங்களே பார்த்துக்கொள்வோம்.