பயனர்கள் எழுதிய ஆவணங்கள்: விக்கியிலேயே தொடர்வதா, கிட்டுக்கு மாற்றுவதா?

கட்டளைவரி (கேள்வி)

வணக்கம். பைத்தானில் எழுதப்பட்ட ஒரு சிறிய திறந்த மூல மென்பொருளின் பராமரிப்புக் குழுவில் இருக்கிறேன். அதன் ஆவணங்கள் முழுவதும், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒரு விக்கியில் பயனர்களே எழுதியவை. எழுத ஆள் கிடைப்பதில் எங்களுக்குக் குறையே இல்லை. எழுதியதைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

நிறுவலுக்கு மட்டும் மூன்று பக்கங்கள் இருக்கின்றன. தேடுபொறியில் முதலில் வருவது மிகப் பழையது. அது 'சூடோ பிப் இன்ஸ்டால்' என்று, பைத்தான் தொகுப்புகளைக் கணினி முழுவதற்குமாக நிறுவும் கட்டளையைக் கொடுக்கச் சொல்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12-ஆம் பதிப்பு முதல் அந்தக் கட்டளை பிழைச்செய்தியோடு நின்றுவிடுகிறது. யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு அதன் கீழேயே, அந்தத் தடையை மீறும் 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற தெரிவைச் சேர்த்தால் வேலை செய்யும் என்று எழுதிவைத்திருக்கிறார். புதியவர்கள் அதை அப்படியே நகலெடுத்து ஒட்டிவிட்டு, கணினியில் வேறு ஏதாவது கெட்டுப்போன பிறகு எங்களிடம் வழு பதிகிறார்கள். கணினியின் மற்ற தொகுப்புகளைத் தொடாத மெய்நிகர் சூழல் ஒன்றை அமைத்து நிறுவும் சரியான முறையோ, எவரும் எட்டிப்பார்க்காத மூன்றாவது பக்கத்தில் கிடக்கிறது.

எல்லாவற்றையும் மார்க்டவுன் என்ற எளிய உரை வடிவக் கோப்புகளாக்கி, நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டில் நிரலோடு சேர்த்து வைத்துவிடலாம் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் இப்போது எழுதுகிறவர்களில் பலர் ஒதுங்கிவிடுவார்களோ என்று தயங்குகிறேன். உங்கள் கருத்து என்ன?

உருளும்பதிப்பு

விக்கி என்றாலே பழையதாகிவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் விக்கியை, ஆர்ச்சை நிறுவியே பார்க்காதவர்களும் தேடிப்போய்ப் படிக்கிறார்கள். அங்கே பங்களிப்போருக்கு மூன்று அடிப்படை விதிகள் உண்டு: ஒவ்வொரு திருத்தத்துக்கும் சுருக்கக் குறிப்பு எழுத வேண்டும், பெரிய மாற்றங்களை ஒரே திருத்தத்தில் கொட்டாமல் பிரித்துச் செய்ய வேண்டும், ஒரு பக்கத்தையே மாற்றி எழுத விரும்பினால் முதலில் பேச்சுப் பக்கத்தில் அறிவிக்க வேண்டும். இவற்றோடு, 'காலாவதியானது', 'துல்லியம் ஐயத்துக்குரியது', 'இன்ன பக்கத்தோடு இணைக்கலாம்' என்ற வார்ப்புருக்களைக் காரணத்தோடு பக்கத்தின் தலையில் இடுகிறார்கள். சரியான விடை தெரியாதவரும் தவறு இருப்பதைச் சுட்டிவிட்டுப் போக முடிகிறது. படிப்பவரும் கட்டளையை நகலெடுப்பதற்கு முன் ஒரு கணம் நிற்கிறார்.

இருந்தாலும், ஆர்ச்சுக்குச் சரிப்பட்டது உங்களுக்கும் சரிப்படும் என்று எண்ண வேண்டாம். அது தனித்தனிப் பதிப்புகள் இல்லாமல் புதுப்பிப்புகள் வந்துகொண்டே இருக்கும் தொடர் வெளியீட்டு முறையில் இயங்குவது. பயனர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பதால், பக்கமும் அந்த ஒரே நிலையை விவரித்தால் போதும். உங்கள் மென்பொருளில் இரண்டு மூன்று பதிப்புகள் ஒரே நேரத்தில் புழக்கத்தில் இருக்குமானால், விக்கிப் பக்கம் 'இந்தப் பதிப்பென்றால் இப்படி, அந்தப் பதிப்பென்றால் அப்படி' என்று கிளைத்துக்கொண்டே போகும். கிட்டில், ஒவ்வொரு பதிப்புக்குமான நிரலின் கிளையோடு ஆவணமும் சேர்ந்து பிரிகிறது. ஜாங்கோ என்ற பைத்தான் இணையச் சட்டகத்தின் ஆவணங்களைப் பதிப்புவாரியாகப் பார்க்க முடிவதும் இதனால்தான். ஆகவே எத்தனை பதிப்புகளுக்கு நீங்கள் ஆதரவு தருகிறீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள்.

ஓரக்குறிப்பு

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்துக்கு மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிஎச்பி நிரல்மொழியின் கையேட்டைப் பாருங்கள். மேலே ஆவணக் குழு எழுதிய பகுதி இருக்கிறது. அதன் கீழே, பயனர் குறிப்புகள் என்ற தெளிவான தலைப்போடு மற்றவர்கள் எழுதியவை இருக்கின்றன. எது குழுவின் சொல், எது ஒரு பயனரின் அனுபவம் என்ற குழப்பம் வாசகருக்கு வருவதில்லை. உங்கள் நிறுவல் பக்கத்தில் நேர்ந்தது அந்தக் குழப்பம்தான். நிறுவல், கட்டளைகளின் விவரம், அமைவுக் கோப்பு ஆகியவற்றைக் கிட்டுக்குக் கொண்டுபோய், உத்திகளையும் அனுபவங்களையும் விக்கியிலேயே விட்டுவிடலாம்.

இணையத் தொழில்நுட்பங்களுக்கான ஆவணத் தளமான எம்டிஎன்னும் பல ஆண்டுகள் விக்கியாக இருந்து, 2020 டிசம்பரில்தான் கிட் களஞ்சியங்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்துக்கு மாறியது. அதன் வாசகர்கள் இணைய நிரலாளர்கள். திருத்தத்தை அனுப்பி ஏற்கக் கோரும் புல் ரிக்வெஸ்ட் முறை அவர்களுக்குப் பழகியது. உங்கள் பயனர்கள் அப்படி இல்லையென்றால், ஒவ்வொரு பக்கத்திலும் 'இப்பக்கத்தைத் திருத்துக' என்ற இணைப்பை வைத்துவிடுங்கள். கணினியில் கிட் இல்லாமலே உலாவியில் திருத்தி அனுப்பிவிடலாம். என்னைக் கேட்டால், பங்களிப்பவரை விரட்டுவது கிட் அல்ல, அனுப்பிய திருத்தம் வாரக்கணக்கில் பதிலின்றிக் கிடப்பதுதான். எந்த அடைவுக்கு யார் பொறுப்பு என்று கோட்ஓனர்ஸ் கோப்பில் எழுதிவைத்தால், மறுஆய்வுக்கான அழைப்பு உரியவருக்குத் தானாகவே போகும். அந்தக் கோப்பில் எழுத இரண்டு பெயர்கூடக் கிடைக்காது என்றால் இடமாற்றத்தைத் தள்ளிப்போடுங்கள்.

உரிமத்தாள்

இரண்டு செய்திகள் மட்டும். விக்கியின் உள்ளடக்கம் எந்த உரிமத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உரிமம் எதுவும் குறிப்பிடப்படாமல் இருந்தால், எழுதிய ஒவ்வொருவரின் இசைவும் வேண்டும். விக்கிப்பீடியா 2009-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு மாற முடிந்ததே, அதற்கு இடமளிக்கும் ஒரு பிரிவு, அது முன்பு பயன்படுத்திய குனு கட்டற்ற ஆவண உரிமத்தின் 1.3 பதிப்பில் சேர்க்கப்பட்டதால்தான். அடுத்து, மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் தரவுத்தளத்தை இன்றே காப்புநகல் எடுத்துவிடுங்கள். ஜென்டூ என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் பயனர்கள் நடத்திவந்த அதிகாரப்பூர்வமற்ற விக்கி 2008-இல் தன் தரவு முழுவதையும் இழந்தது.

கட்டளைவரி

மூவருக்கும் நன்றி. உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ்தான். பக்கத்தின் அடியிலேயே இருக்கிறது. இரண்டு பதிப்புகளுக்கு ஆதரவு தருவதால் நிறுவல் பக்கங்களை மட்டும் முதலில் மாற்றுகிறோம். அப்படியானால் பழைய மூன்று பக்கங்களையும் நீக்கிவிடலாமா?

ஓரக்குறிப்பு

நீக்க வேண்டாம். வெளித்தளங்களில் பலர் அந்த முகவரிகளைக் கொடுத்திருப்பார்கள். மூன்றையும் வெறுமையாக்கி, புதிய பக்கத்துக்கு வழிமாற்று இடுங்கள். தேடுபொறியும் நாளடைவில் புதிய முகவரியைப் பிடித்துக்கொள்ளும். எழுதியவர்களின் பெயர்கள் பக்க வரலாற்றில் இருப்பதால், அந்த வரலாற்றுக்கான இணைப்பைப் புதிய கோப்பைச் சேர்க்கும்போது கிட்டில் பதியும் குறிப்பான கமிட் செய்தியில் குறிப்பிட்டுவிடுங்கள்; உங்கள் உரிமம் அவர்களின் பெயரைச் சுட்டச் சொல்கிறது.