தோட்டத்தில் நாங்களே சாளை (தோட்டத்து வீடு) கட்டுகிறோம், கூட நிற்க ஒரு பழைய கொத்தனார் வேண்டும்

கிணத்துமேடு:
வணக்கமுங்க. உடுமலைப் பக்கம் குடிமங்கலத்தில் எங்கள் தோட்டத்தில் 12க்கு 16 அடியில் ஒரே அறை, முன்னால் சின்னத் திண்ணை, மேலே ஓடு. நானும் அண்ணனும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே கட்டலாம் என்றிருக்கிறோம். கலவை போட, கல் தூக்க, தண்ணீர் விட எல்லாம் ஆள் இருக்கிறது, கை பழகிய ஆள்தான் இல்லை. கேட்ட மேஸ்திரிகள் எல்லோரும் சதுரடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகத்தான் பேசுகிறார்கள். "நீங்களே கட்டுறதுன்னா நான் எதுக்குங்க" என்று ஒருவர் சிரித்துவிட்டே போய்விட்டார். நாங்கள் வைத்த கல் கோணினால் எடுத்து வைக்கச் சொல்கிற ஆள் வேண்டும். எங்கே தேடுவது, கூலி எப்படிப் பேசுவது?

காங்கயத்துக்காரன்:
மேஸ்திரியிடம் கேட்டால் அப்படித்தான் சொல்வார், அவருக்கு ஆள் வைத்து எடுத்துச் செய்வதில்தான் லாபம். சாரம் ஏற முடியாமல் வேலையைக் குறைத்துக்கொண்ட வயதான கொத்தனார் ஊருக்கு ஒருவராவது இருப்பார், ஹார்டுவேர் கடையிலும் செங்கல் இறக்குகிற டிரைவரிடமும் விசாரியுங்கள். ஆளைப் பார்க்கும் முன் அவர் கட்டிய, இன்னும் பூசாத சுவரைப் போய்ப் பாருங்கள். பூசிய சுவரில் எல்லாக் குற்றமும் மறைந்துவிடும். செங்குத்து இணைப்பு ஒன்றின் மேல் ஒன்று வராமல், ஒரு வரி விட்டு ஒரு வரி நேராக நிற்கிறதா, மூலையில் தூக்குக்குண்டு விட்டால் நூல் சுவரோடு ஒட்டிப் போகிறதா, அவ்வளவுதான் பார்க்க வேண்டியது.

கூலி முழு நாள் கூலியாகவே கொடுங்கள். சும்மாதானே நிற்கிறார் என்று அரைக்கூலி பேசினால் சும்மாதான் நிற்பார். எல்லா நாளும் அவர் வேண்டியதில்லை. மூலைமட்டம் பார்த்துக் கயிறு கட்டும் நாள், முதல் வரி, லிண்டல், (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் உத்திரம்) போடும் நாள், கூரைச் சட்டம் ஏற்றும் நாள், இதற்கெல்லாம் கட்டாயம் வேண்டும். நடுவில் அவர் நாலு மூலையையும் நாலைந்து வரி ஏற்றிக் கொடுத்துவிட்டால், நூல் பிடித்து இடையை நீங்களே நிரப்பலாம். ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒரு பங்கு சிமென்டுக்கு ஆறு பங்கு மணல் கலவை போதும், செங்கல்லை நனைத்து வைக்க மட்டும் மறக்காதீர்கள்.

வானம்_பார்:
தம்பி, கொத்தனார் கிடக்கட்டும், குடிமங்கலம் என்றால் கரிசலா? கரிசல் மண் மழைக்கு உப்பிப் பெருகும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிற தோட்டத்து வீடுகளை அங்கே எவ்வளவோ பார்க்கிறோம். "அஸ்திவாரம் மூணு அடி போதுங்க" என்று அனுபவசாலிகளே சொல்வார்கள், அவர்கள் வேலை பழகியது செம்மண்ணில் என்றால் அந்த அனுபவம் உங்களுக்கு உதவாது. வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிய பிறகு ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டி வந்து குழியைக் காட்டுங்கள். சுக்கான் (அடியில் வரும் கெட்டியான சுண்ணாம்பு மண்) தட்டும்வரை போவதா, எங்கே கம்பி கட்டிச் சுவர் நெடுக கான்கிரீட் பெல்ட் ஓட்டுவது என்பதை அவர் சொல்லட்டும். அந்த ஒரு நாள் செலவில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கோபி_தறி:
ஞாயிறு மட்டும் என்றால் நல்ல ஆள் வரமாட்டார்ங்க. சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டு ஞாயிறு பெரும்பாலும் லீவு, கறி எடுத்துக்கொண்டு வீட்டில்தான் இருப்பார்கள். லீவு போட்டுச் சேர்ந்தாற்போல நாள்களைக் கொடுத்துப் பாருங்கள். அதிலும் ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டுகிற சமயத்தில் ஆள் கேட்காதீர்கள்.

இன்னொன்று, சொந்த மண்ணிலேயே அழுத்திச் செய்கிற கல் அடிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்டில் அதற்குப் பயிற்சியே தருகிறார்கள், ஆனால் உங்கள் கரிசலில் சிமென்ட் மட்டும் கலந்து அடித்தால் சரிப்படாது. 2021ல் கோவை தடாகம் பக்கத்துச் செங்கல் சூளைகளை மூடியதிலிருந்து கல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. இரண்டு கல்லைத் தட்டிப் பாருங்கள், கணீரென்று சத்தம் வரவேண்டும்.

கிணத்துமேடு:
ரொம்ப நன்றிங்க எல்லோருக்கும். கரிசல்தானுங்க, கிணறு வெட்டும்போது ஐந்தடிக்குக் கீழே சுக்கான் வந்தது என்று அப்பா சொல்கிறார். வானம் தோண்டி இன்ஜினியரிடம் காட்டாமல் அஸ்திவாரம் போட மாட்டோம். பெதப்பம்பட்டியில் பூசாமல் நிற்கிற ஒரு வீடு தெரியும், கட்டியது யார் என்று நாளைக்கு விசாரிக்கிறேன். ஓட்டுக்குப் பனஞ்சட்டம் அறுத்துத் தருகிற தச்சர் தாராபுரம் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்க.