அக்காவின் கஞ்சா எண்ணெய்க்கு இங்கே சட்டப்படி ஏதாவது வழி இருக்கிறதா?

எங்கள் அக்கா நல்லூர்த் திருவிழாவுக்கு டொரோண்டோவில் இருந்து வருகிறா. அவவுக்கு மல்டிப்பிள் ஸ்க்லெரோசிஸ், மூளையையும் முள்ளந்தண்டு நரம்புகளையும் பாதிக்கிற நோய். இரவில் இரண்டு காலும் விறைத்து இழுக்கும், தொடையைத் தொட்டால் கட்டை மாதிரி இருக்கும், அங்கே டொக்டர் எழுதிக்கொடுத்த கஞ்சா எண்ணெயை நாக்குக்குக் கீழே விட்டால்தான் நித்திரை.

கனடாவில் 2018இலிருந்து கஞ்சா சட்டபூர்வம், ஆனால் மருத்துவ அனுமதி இருந்தாலும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவது அங்கேயே குற்றம். இங்கே இலங்கையில் கையில் வைத்திருந்தாலே வழக்கு. அதனால் கொண்டுவரும் கதையே இல்லை, நோயாளியைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மறித்து வைத்தால் யார் பார்ப்பது?

தசை இறுக்கத்தைக் குறைக்கிற பக்லோஃபென் மருந்தை முன்பே கொடுத்துப் பார்த்தார்கள், தலைசுற்றி விழுந்துவிட்டா. தெரிந்த சட்டத்தரணியிடம் கதைத்தேன், 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டப்படி பதிவுபெற்ற வைத்தியர்கள் மருந்து செய்யக் கஞ்சா பெறலாம் என்றார். சரி என்று பக்கத்தில் சித்த வைத்தியர்களிடம் விசாரித்தால், கஞ்சா சேர்ந்த மருந்து தங்களிடம் இல்லை என்கிறார்கள். களவாக வாங்கச் சொல்லும் ஆட்கள் தயவுசெய்து வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இந்த மருந்தைச் சட்டப்படி எழுதிக் கொடுக்கிற பதிவுபெற்ற வைத்தியர் அல்லது அரச ஆயுர்வேத ஆஸ்பத்திரி எது என்று அனுபவத்தில் தெரிந்தவர்கள் சொல்வீர்களா?