ஒசாகா, 4 பேர், 6 நாள்: ஜே.ஆர். பாஸ் வாங்கலாமா? (அவசரம்)

நாலுபேர்_டீம்:
வணக்கம். நண்பர்கள் 4 பேர் முதல் முறையாக ஜப்பானுக்கு, ஒசாகா போகிறோம். டிக்கெட் போட்டாச்சு, ஹோட்டலும் போட்டாச்சு. ஒருத்தன் 7 நாள் ஜே.ஆர். பாஸ் (நாடு முழுக்க ஜே.ஆர். நிறுவன ரயில்களில் போய்வரும் பாஸ்) வாங்கியே தீர வேண்டும் என்கிறான், இன்று ராத்திரிக்குள் பணம் அனுப்பச் சொல்லி நச்சரிக்கிறான். இன்னொருத்தன் தண்டம் என்கிறான். வாங்கலாமா, கூடாதா? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி72:
எந்த மாதம்? ஒசாகா மட்டுமா, டோக்கியோவும் உண்டா? இறங்குவதும் கிளம்புவதும் ஒரே ஏர்போர்ட்டா? இது எதுவுமே சொல்லாமல் கேட்டால் என்ன சொல்ல?

நடைராஜா:
ஜே.ஆர். என்ற பேரையே மறந்துவிடுங்கள். அந்தப் பக்கம் தனியார் ரயில்தான் ராஜா. கியோட்டோவுக்கு ஹான்க்யூ, நாராவுக்கு கின்டெட்சு, ஏர்போர்ட்டுக்கு நான்காய். ஆளுக்கொரு ஐகோகா கார்டு (காசு ஏற்றிக்கொள்ளும் பயண அட்டை) வாங்கித் தட்டிக்கொண்டே போங்கள். நான் இரண்டு முறை போனேன், ஜே.ஆர். வாசலை மிதிக்கவே இல்லை.

ஜப்பான்_ஜாம்பவான்:
இதே கேள்விக்கு இங்கே நானே பத்துத் தடவை பதில் எழுதியாயிற்று. தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்குப் போனது. அத்தோடு அதன் கதை முடிந்தது. ஷின்-ஒசாகா ஸ்டேஷனிலிருந்து புல்லட் ரயிலில் டோக்கியோ போய்த் திரும்பவே சுமார் 30,000தான் ஆகும். கூட்டல் தெரிந்தவர்களுக்கு இந்தச் சந்தேகமே வராது.

நாலுபேர்_டீம்:
டோக்கியோ இல்லை. ஒசாகா, கியோட்டோ, நாரா, ஒரு நாள் ஹிரோஷிமா. ஹோட்டல் ரிங்கு டவுன். மற்றதெல்லாம் எல்லாரும் போகிற மாதிரிதான்.

உமேடாவாசி:
ரிங்கு டவுனா? ஆறு ராத்திரியும் அங்கேயா? அது ஏர்போர்ட் பாலத்துக்கு இக்கரையில் இருக்கிறது. நகரத்துக்குப் போய்வரவே தினமும் ஒன்றரை மணி நேரம் ரயிலில் போய்விடும். விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது? எந்தத் தேதி? (நடைராஜா, ஹிரோஷிமாவுக்கு எந்தத் தனியார் ரயிலில் போகச் சொல்கிறீர்கள்?)

சிங்கை_வெண்ணிலா:
விசா எல்லாருக்கும் வந்துவிட்டதா?

நாலுபேர்_டீம்:
ஏப்ரல் 30 இரவு 10:50க்கு இறங்குகிறோம். 3 பேருக்கு இ-விசா வந்துவிட்டது. நாலாவது ஆள் சிங்கப்பூரில் இருக்கிறான், அவனுக்குத் தேவையில்லை. ஒருத்தன் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டான். அதுக்கும் ஏதாவது வழி சொல்லுங்கள்.

சிங்கை_வெண்ணிலா:
"இருக்கிறான்" என்றால்? குடியுரிமை வாங்கியவரா, பி.ஆரா (நிரந்தரவாசி மட்டுமா)? சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்குத்தான் விலக்கு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கே இருபது வருஷம் இருந்தாலும் விசா எடுக்கத்தான் வேண்டும். முதலில் அவரிடம் கேளுங்கள். மற்ற மூவருக்கும் ஒன்று: இ-விசாவை போனில் இணையத்தோடு நேரடியாகத் திறந்து காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டோ அச்செடுத்த தாளோ செல்லாது. இறங்குமுன் சிம்முக்கு வழி செய்துகொள்ளுங்கள்.

உமேடாவாசி:
10:50 என்றால் ரிங்கு டவுனைத் திட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். குடிநுழைவு வரிசை முடிந்து வெளியே வரும்போது கடைசி ரயில் இருக்கிறதா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். முதல் ராத்திரி அங்கேயே தூங்குங்கள். மீதி ஐந்து ராத்திரியை ரத்து செய்ய முடிந்தால் ஒசாகா நகருக்குள், நம்பா அல்லது உமேடா பக்கம் மாற்றுங்கள். ஆனால் நீங்கள் வருவது கோல்டன் வீக். ஏப்ரல் 29, மே 3, 4, 5 அரசு விடுமுறை, நாடே ஊருக்குக் கிளம்பும் நேரம். அறை வாடகையைப் பார்த்து மயங்கி விழாதீர்கள்.

பாஸ் கணக்கு: ஷின்-ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமா ஷின்கான்செனில் (புல்லட் ரயிலில்) போய்வர ஆளுக்குச் சுமார் 22,000 யென். கியோட்டோவும் நாராவும் சாதாரண ரயிலில் போய்வந்தால் இரண்டும் சேர்த்தே 3,000 தாண்டாது. 50,000 எட்டவே எட்டாது. அதற்காகப் பாஸே வேண்டாம் என்றும் இல்லை. ஜே.ஆர். வெஸ்ட் விற்கும் கன்சாய்-ஹிரோஷிமா 5 நாள் பாஸ், ஹிரோஷிமா போய்வரும் டிக்கெட்டைவிட மலிவு. நகரத்துக்குள் சப்வேக்கு மட்டும் ஐகோகா.

ஹிரோஷிமாவை மே 2இலேயே முடித்துவிடுங்கள். அந்த வாரம் நொசோமி என்ற ஷின்கான்சென் ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது. இடம் பதிவு செய்யாமல் போனால் பிளாட்பாரத்தில் நின்று டாட்டா காட்டலாம்.

தயிர்சாதம்:
சைவ நண்பருக்கு: ஊதோன், சோபா (இரண்டும் நூடுல்ஸ்), மிசோ சூப் எதையும் நம்பாதீர்கள். குழம்பே மீன் சாறு, டாஷி. ஒக்கொனொமியாக்கியில் (அடை மாதிரி ஒன்று) முட்டைக்கோஸ்தானே என்று உட்கார்ந்தால் மாவிலேயே முட்டை, மேலே கட்சுவொபுஷி என்ற மீன் சீவல் ஆடிக்கொண்டு வரும். கடைகளில் கொம்பு வைத்த ஒனிகிரி (சோற்று உருண்டை) கிடைக்கும். கொம்பு என்றால் கடற்பாசி, பயப்பட வேண்டாம். ஆனால் அதன் மசாலாவிலும் சில நேரம் மீன் சாறு இருக்கும், லேபிளை மொழிபெயர்த்துப் பாருங்கள்.

மீன்குழம்பு:
சூப்பில் துண்டு மிதக்கவில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு குடிக்க வேண்டியதுதானே. பயணத்தில் இவ்வளவு பார்த்தால் எப்படி?

தயிர்சாதம்:
கண்ணை மூடலாம், மூக்கை என்ன செய்வது? "மீன் சேர்க்கவில்லை" என்று கடைக்காரர் நல்ல மனசோடுதான் சொல்வார். அவருக்கு டாஷி மீன் கணக்கிலேயே வராது.

முத்துநகரான்:
அந்தக் கட்சுவொபுஷி வேறொன்றுமில்லை, நம்ம மாசிக் கருவாடுதான். அதே சூரை மீன். அவித்து, புகைபோட்டு, கட்டைபோலக் காயவைப்பது. எங்க ஆச்சி அம்மியில் தட்டி வைப்பார், அவர்கள் இழைப்புளி மாதிரி ஒன்றில் சீவுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜப்பான்_ஜாம்பவான்:
தவறு. உயர்தரக் கட்சுவொபுஷியில் பூஞ்சை பிடிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி பூஞ்சை ஏற்றுவார்கள். மாசியில் அந்த வேலை கிடையாது. இரண்டையும் ஒன்று என்பது தோசையையும் ஆப்பத்தையும் ஒன்று என்பது போல.

முத்துநகரான்:
தோசைக்கும் ஆப்பத்துக்கும் அரிசி ஒன்றுதானே ஐயா. மாசிச் சம்பல் சாப்பிட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

மீன்குழம்பு:
மாசிச் சம்பல் என்றால் யாழ்ப்பாணத்து வீடுகளில் செய்வதுதான் சம்பல். தேங்காயை இடித்த கையோடு மாசியைப் போட வேண்டும்.

முத்துநகரான்:
ஆரம்பித்துவிட்டார்கள்.

தயிர்சாதம்:
கேட்டது சைவம்! கோபேயில் கிதானோ பக்கம் சமணக் கோயிலே இருக்கிறது. இந்திய வியாபாரக் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கும் ஊர், சைவச் சாப்பாடு கிடைக்கும். ஒசாகாவிலிருந்து ரயிலில் அரை மணிகூட ஆகாது.

ஊர்சுற்றி72:
இழையைத் தொடங்கியவர் எங்கே? பணம் கட்டினாரா இல்லையா? அந்த சிங்கப்பூர்க்காரர் பி.ஆரா?

(ஒன்பது நாள் கழித்து)

நாலுபேர்_டீம்:
மன்னிக்கவும், ஆபீஸ் வேலை. அவன் பி.ஆர்.தான். விசாவுக்கு ஓடிக்கொண்டிருக்கிறான், எங்களைத் திட்டிக்கொண்டே. 50,000 பாஸ் வாங்கவில்லை, 5 நாள் பாஸ் எடுத்தோம். நம்பாவில் இரண்டு அறை கிடைத்தது, விலையைக் கேட்காதீர்கள். எல்லாருக்கும் நன்றி. இன்னொரு அவசரம்: சைவ நண்பன் வீட்டிலிருந்து ரைஸ் குக்கர் எடுத்துவரலாமா?

ஊர்சுற்றி72:
எத்தனை வோல்ட்? எத்தனை வாட்? பின் எப்படி இருக்கும்? ஹோட்டலில் சமைக்க விடுவார்களா?

உமேடாவாசி:
இங்கே 100 வோல்ட், தட்டையாக இரண்டு பின். நம்ம ஊர் 230 வோல்ட் குக்கரில் அரிசி நன்றாக ஊறும்.