நூறு பாதாமுக்குக் கணக்கு உண்டா, இல்லையா?

எடைக்கல்:
நம் மன்றத்தின் பக்கத்து இழையில் வெண்ணெய்ப்பிரியன் அருளியிருக்கும் வாக்கை அப்படியே இங்கே ஒட்டுகிறேன்: "மாவுச்சத்தைக் குறைச்சாச்சுன்னா கலோரி எண்ணவே வேண்டாம். நூறு பாதாம் தின்னாலும் கணக்குல வராது. எண்ணுறவங்களுக்கு லோ கார்ப் புரியலைன்னு அர்த்தம்."

கடைசி மூன்று கிலோ அசையவே மாட்டேன் என்கிறது, என்ன செய்ய என்று 'மூணுகிலோ பாக்கி' கேட்டதற்கு இதுதான் பதிலாம். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை.

நூறு பாதாம் என்றால் சுமார் 120 கிராம். உறையில் போட்டிருக்கும் கணக்குப்படி 700 கலோரி. கொழுப்பு கிராமுக்கு 9, புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4. லோ கார்ப் ஆட்களுக்கு மட்டும் அந்த ஒன்பதில் தள்ளுபடி கொடுக்கிறார்களா?

முப்பது கிலோ கூடுதலாக இருப்பவர் எண்ணாமலே இளைக்கலாம், மறுக்கவில்லை. உடம்பு பெரிது, செலவும் பெரிது. கொஞ்சம் கை நீண்டாலும் தாங்கும். மூன்று கிலோ பாக்கி இருப்பவருக்குத் தின்பதற்கும் செலவாவதற்கும் நாளைக்கு 200, 300 கலோரிதான் இடைவெளி. இரண்டு கைப்பிடி பாதாமில் அது காலி. இதைச் சொல்ல ஒரு விஞ்ஞானி வர வேண்டுமா?

வெண்ணெய்ப்பிரியன்:
வந்துட்டாருய்யா கணக்குப்பிள்ளை! வெட்டி ஒட்டுறவர் முழுசா ஒட்டணும் சார். "பசிச்சா சாப்பிடு, வயிறு நிறைஞ்சா நிறுத்து"ன்னும் அதுக்குக் கீழயே எழுதியிருந்தேன். அதை ஏன் முழுங்கிட்டீங்க? கலோரி அதிகமாயிடும்னா?

மாவுச்சத்து குறைஞ்சா இன்சுலின் இறங்கும். இன்சுலின் இறங்கினா சேர்த்து வச்ச கொழுப்பு வெளிய வரும். உடம்பு அதை எரிக்கும், பசி தானா அடங்கும். நான் நூறு பாதாம் தின்னுதான் இளைச்சேன். எங்க வீட்டு அடுக்களையில தராசே கிடையாது.

எடைக்கல்:
பசித்தால் சாப்பிட்டு, வயிறு நிறைந்தால் நிறுத்துகிறவருக்கு அது நூறு என்று எப்படித் தெரிந்தது? ஐம்பத்து மூன்றில் வயிறு நிறைந்தால் மீதி நாற்பத்தேழை என்ன செய்தீர்கள்? கலோரியை எண்ணினால் குற்றம், பாதாமை எண்ணினால் ஞானம். நல்ல கொள்கை.

பழைய பாவி:
அண்ணே, நூறு அடிச்சிட்டாரு 😂

அமைதிப்பட்சி:
ஒரு சின்ன சந்தேகம். எல்லாரும் லோ கார்ப் லோ கார்ப் என்கிறீர்களே, எத்தனை கிராம் மாவுச்சத்தைச் சொல்கிறீர்கள்? நாளைக்கு 20 கிராமா, 50ஆ, 130க்குக் கீழே எல்லாமேவா? இதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை குறையும் என்று தோன்றுகிறது.

வெண்ணெய்ப்பிரியன்:
எடைக்கல் சார், பேச்சை மாத்தாதீங்க. நூறு பாதாம் கணக்குல வராதுன்னா வராதுதான். உடம்பு ஒண்ணும் அடுப்பு இல்ல, போட்டதெல்லாம் எரியிறதுக்கு.

ஆய்வகப்பூனை:
இருவருமே தவறு. அதிலும் எடைக்கல் அவர்களின் 700 கூடுதல் தவறு.

அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் 2012இல் 18 பேருக்குப் பாதாம் கொடுத்து, அவர்களுடைய மலத்தையும் சிறுநீரையும் சேகரித்து அளந்து பார்த்தார்கள். 28 கிராம் பாதாமுக்கு வழக்கமான கணக்கு 170 கலோரி. உடம்புக்குக் கிடைத்ததோ 129தான். பாதாமின் செல் சுவர்கள் முழுவதும் உடையாததால் உள்ளே இருக்கும் கொழுப்பில் ஒரு பங்கு செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. ஆக நூறு பாதாமுக்கு 550 சொச்சம். 700 அல்ல.

வெண்ணெய்ப்பிரியன்:
ஆஹா! கேட்டீங்களா? 150 கலோரி காத்துல போச்சு. இதைத்தானே நான் ஆரம்பத்துலேருந்து சொல்றேன்! கணக்குல வராதுன்னு! பூனையாரே, ஒரு பெரிய கும்பிடு.

எடைக்கல்:
காற்றில் போகவில்லை ஐயா, எங்கே போனது என்று பூனை தெளிவாகவே எழுதியிருக்கிறார்.

550 என்றால் பூஜ்யமா? 700க்கு வர வேண்டியது 550க்கு வந்தால் அது கணக்கில் வந்ததா, வராததா? மூன்று கிலோ பாக்கி இருப்பவருக்கு 550 என்பது ஒரு முழு வேளைச் சாப்பாடு. அதையும் தின்றுவிட்டு "எடை நின்றுவிட்டது, தைராய்டாக இருக்குமோ" என்று இங்கே வந்து புலம்புவார்கள்.

1992இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. எவ்வளவு குறைத்தாலும் இளைக்கவில்லை என்று சொன்னவர்களை எடுத்துச் சோதித்தார்கள். அவர்களுக்கு வளர்சிதை மாற்றத்தில் ஒரு கோளாறும் இல்லை. தின்றதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், உழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தராசு இல்லாத அடுக்களையில் அப்படித்தான் ஆகும்.

வெண்ணெய்ப்பிரியன்:
என்னைப் பொய்யன்னு சொல்றீங்களா?

எடைக்கல்:
சொல்ல மாட்டேன் என்றுதானே எழுதினேன்?

வெண்ணெய்ப்பிரியன்:
அப்படி எழுதுறதுக்கு இதுதான் அர்த்தம்.

மூணுகிலோ பாக்கி:
வணக்கம். என் பெயர் அடிபடுவதால் வந்தேன். எனக்குப் பாதாம் ஒத்துக்கொள்ளாது, தொட்டதே இல்லை. சீஸ், முட்டை, கோழி, கிரீம் போட்ட காபி, இவ்வளவுதான். முதல் வாரமே கிடுகிடுவென்று இறங்கியது, இப்போது அசையவில்லை. கிரீமைக் குறைக்கட்டுமா?

எடைக்கல்:
கிரீமுக்குப் பிறகு வருகிறேன் அம்மா. முதலில் இந்தப் பாதாம் விஷயம் முடியட்டும்.

ஆய்வகப்பூனை:
இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016இல் அதே துறையினர் அடுத்த ஆய்வு செய்தார்கள். முழுப் பச்சைப் பாதாம் கிராமுக்கு 4.42 கலோரி, வறுத்தது 4.86, நறுக்கியது 5.04, விழுதாக அரைத்தது 6.53. பாதாம் ஒன்றுதான், கடைவாயில் எவ்வளவு உடைகிறது என்பதைப் பொறுத்துக் கலோரி மாறுகிறது. 120 கிராமை முழுசாகத் தின்பதற்கும் அரைத்துத் தின்பதற்கும் 250 கலோரி வித்தியாசம். எடைக்கல் அவர்கள் சொன்ன 200, 300 இடைவெளியே அவ்வளவுதான். கணக்கின் பிழையே கணக்கு முழுவதையும் விழுங்கும்போது எண்ணி என்ன பயன்?

வெண்ணெய்ப்பிரியன்:
செத்தாருடா கணக்குப்பிள்ளை! இனிமே பாதாமோட சேர்த்துப் பல்லையும் தராசுல வைங்க சார்.

எடைக்கல்:
பொறுமையாகப் படியுங்கள். வெண்ணெய் உருகுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

என் கணக்கில் பிழை இருக்கட்டும். இருக்கும். அமெரிக்காவில் உணவு உறையில் போடும் எண்ணே 20 சதவீதம் வரை தவறலாம் என்று விதி விட்டுக்கொடுக்கிறது. அதனால் என்ன? நான் 1600 என்று எழுதிக்கொள்கிறேன், சில வாரம் பார்த்து எடை நகரவில்லை என்றால் 1450 என்று எழுதிக்கொள்கிறேன். உண்மையில் அது 1700ஆ 1500ஆ என்று எனக்குக் கவலையே இல்லை. ஒரே ஆள், ஒரே மாதிரிச் சாப்பாடு, ஒரே தராசு. பிழை ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் வரை குறைத்தது குறைத்ததுதான். பாதாமை அரைத்தால் அரைத்தது என்று எழுதிக்கொண்டு போங்கள், யார் வேண்டாம் என்றது?

நீங்கள் சொல்வது எப்படி இருக்கிறது தெரியுமா? கடிகாரம் ஐந்து நிமிஷம் பிந்துகிறது, ஆகவே காலையா மாலையா என்றே பார்க்க வேண்டாம் என்பது போல.

ஆய்வகப்பூனை:
ஒரே மாதிரிச் சாப்பாடு சாப்பிடுகிறவர் எண்ணவே தேவையில்லையே. அதே தட்டில் கொஞ்சம் குறைத்தால் போதும்.

எடைக்கல்:
"கொஞ்சம்" என்றால் எவ்வளவு? அதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? எண்ணி!

வெண்ணெய்ப்பிரியன்:
2018 ஸ்டான்ஃபோர்டு ஆய்வைப் பாருங்க சார். கிறிஸ்டோபர் கார்ட்னர் செஞ்சது. 609 பேர், ஒரு வருஷம். யாரையும் கலோரி எண்ணச் சொல்லல. லோ கார்ப் கூட்டம் சராசரியா 6 கிலோ குறைஞ்சாங்க. ஆறு! இவங்களுக்கு வேண்டியது மூணு. எண்ணாமலே ரெட்டிப்பு.

எடைக்கல்:
அதே ஆய்வில் கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ குறைந்தார்கள். இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை என்பதுதான் அந்த ஆய்வின் முடிவே. அந்த வரி உங்கள் கண்ணில் படவில்லை. என்னை வெட்டி ஒட்டுகிறவர் என்றீர்கள்!

அதில் சேர்ந்தவர்களின் உடல் நிறை குறியீடு, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் BMI, 28க்கு மேல் 40 வரை. கடைசி மூன்று கிலோக்காரர்கள் அல்ல. சராசரிக்கு உள்ளே போய்ப் பாருங்கள், இருபது கிலோவுக்கு மேல் குறைந்தவரும் உண்டு, ஏறியவரும் உண்டு. ஏறியவர்கள் நூறு பாதாம் தின்றார்களோ என்னவோ, ஆய்வில் இல்லை.

பசி தானாக அடங்கும் என்கிற கதைக்கும் வருகிறேன். ஊட்டச்சத்து ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு 2021இல் 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மாவுச்சத்தை அறவே குறைத்த கீட்டோ உணவு, இரண்டு வாரம் குறைந்த கொழுப்பு என்று கொடுத்தது. வேண்டுமட்டும் சாப்பிடலாம். கீட்டோவில் இருந்தபோதுதான் நாளொன்றுக்குச் சுமார் 690 கலோரி அதிகம் தின்றார்கள். ஏறக்குறைய நூறு பாதாம். தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆய்வகப்பூனை:
இரண்டாவது வாரத்தில் கீட்டோ உணவில் சாப்பிட்ட அளவு குறைந்தது. அதைச் சொல்லாமல் விட்டது நியாயமல்ல. மேலும் நூறு பாதாம் 690 அல்ல, 550.

எடைக்கல்:
உறையில் 700.

ஆய்வகப்பூனை:
உறை வயிற்றுக்குள் போவதில்லை.

பழைய பாவி:
அண்ணே, கேக்கணும்னு நெனச்சேன். உப்பு இழையில நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல. எடைக்கல்லு பாதியில எந்திரிச்சுப் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. இங்க மட்டும் விடிய விடிய உக்காந்திருக்கீங்க.

எடைக்கல்:
உப்பு இழையில் நீங்கள் என் குடும்பத்தை இழுத்தீர்கள், அதனால் போனேன். கேள்விக்குப் பயந்து அல்ல. நெறியாளர் உங்கள் பதிவை நீக்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய பாவி:
நீக்க வச்சது யாருன்னும் தெரியும். சரி, அது கெடக்கட்டும். அந்த அம்மா முதல் வாரம் கிடுகிடுன்னு இறங்குச்சுன்னாங்கல்ல, அது கொழுப்பே இல்ல, தண்ணி. உடம்புல சேர்த்து வச்ச மாவுச்சத்து, அதான் கிளைகோஜன், ஒரு கிராம் போனா கூடவே மூணு கிராம் தண்ணி போகும். அதே மாதிரி இப்ப அசையாம நிக்கிறதும் தண்ணியா இருக்கலாம். தராசை விட்டுட்டு இடுப்புக்கு நாடா போட்டுப் பாருங்க.

எடைக்கல்:
நாடா என்றால் எதற்குத் தெரியுமா எல்லாருக்கும் பிடிக்கிறது? இழுத்துப் பிடிக்கலாம்.

அமைதிப்பட்சி:
பழைய பாவி சொன்னது சரிதான். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முன்னால் ஓரிரு கிலோ நீர் ஏறுவது சாதாரணம். ஒரே நாள் எடையைப் பார்த்துப் பயப்படக்கூடாது, மாதத்துக்கு மாதம் அதே நாளை ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம், 20 கிராமா 50 கிராமா என்று கேட்டிருந்தேன்.

வெண்ணெய்ப்பிரியன்:
கெவின் ஹாலை விடுங்க. 2018ல பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல வந்தது, 164 பேர். மாவுச்சத்து கம்மியாச் சாப்பிட்டவங்க உடம்பு நாளைக்கு 200 கலோரி அதிகமாச் செலவு பண்ணுச்சு. பாதாம்ல செரிக்காத 150, இந்த 200, மிச்சம் இருக்கிறது, கொழுப்பு எரியும்போது வர்ற கீட்டோனாச் சிறுநீர்ல போயிடும். கூட்டிப் பாருங்க, நூறு பாதாம் கணக்குல வராது. நிரூபிச்சாச்சு.

எடைக்கல்:
கூட்டிப் பார்க்கவா? இப்போது யார் கணக்குப்பிள்ளை? 150ஐயும் 200ஐயும் கூட்டியது எந்தக் கணக்கு? கலோரி எண்ணத் தேவையில்லை என்று நிரூபிக்கக் கலோரி எண்ணுகிற வெண்ணெய்வெட்டிச் சிப்பாயை இன்றுதான் பார்க்கிறேன்.

அந்த 164 பேர் ஏற்கெனவே எடை குறைத்து, அதைத் தக்கவைத்துக்கொண்டிருந்தவர்கள். மாவுச்சத்து 60 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் அந்த 200. கெவின் ஹால் அந்தத் தரவையே எடுத்து மறுபரிசீலனை செய்து கேள்வி கேட்டிருக்கிறார், சண்டை இன்னும் ஓயவில்லை. சிறுநீரில் போகும் கீட்டோனில் நாளைக்கு நூறு கலோரிகூடத் தேறாது. பாக்கியை இடுப்பில் தேடுங்கள், நாடாவை வைத்து.

வெண்ணெய்ப்பிரியன்:
சிப்பாய்னு சொன்னதுக்கு மன்னிப்புக் கேளுங்க. நான் இளைச்ச படம் போட்டிருக்கேன், உங்க படம் எங்க? பேசுறவன்லாம் முதல்ல இளைச்சுக் காட்டணும்.

எடைக்கல்:
படம் போட்டால் பாதாமில் கலோரி குறையுமா?

பழைய பாவி:
படம் கேட்டா எந்திரிச்சுப் போயிடுவாரு. உப்பு இழை மாதிரி.

மூணுகிலோ பாக்கி:
ஒரு வாரமாகக் கிரீமை அளந்து ஊற்றிப் பார்க்கிறேன். கரண்டியில் ஊற்றியதாக நினைத்தது அரைக் கிண்ணம் இருந்திருக்கிறது. இதுவரை எடையில் மாற்றம் இல்லை. நாடாவும் வாங்கியிருக்கிறேன்.

எடைக்கல்:
பார்த்தீர்களா? அளந்ததும் அரைக் கிண்ணம்! நான் சொன்னதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

வெண்ணெய்ப்பிரியன்:
அளந்தும் இறங்கலைன்னு எழுதியிருக்காங்க, அந்த வரி உங்க கண்ணுல படலையா? இன்சுலின் இறங்கணும் சார், கரண்டி இல்ல.

எடைக்கல்:
ஒரு வாரத்தில் மூன்று கிலோ இறங்கும் என்று நான் எங்கே எழுதினேன்? எடுத்துக்காட்டுங்கள். அதைக் காட்டும் வரை நான் பாதாமை விடுவதாக இல்லை. 550, 700, எதையாவது ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள். பூஜ்யத்தை மட்டும் ஏற்க மாட்டேன்.

வெண்ணெய்ப்பிரியன்:
பூஜ்யம்னு நான் சொல்லவே இல்ல. கணக்குல வராதுன்னுதான் சொன்னேன்.

ஆய்வகப்பூனை:
வறுத்த பாதாமா, பச்சைப் பாதாமா? இன்னும் யாரும் சொல்லவில்லை.